விடுதி மெஸ் டோக்கனுக்கு ஸ்வைப் கார்டு இயந்திரம்: கணக்கைக் கார்டில் எழுதலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். 400 பேர் சாப்பிடும் விடுதி மெஸ்ஸில் இப்போது டோக்கன் புத்தகம் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு ஆளுக்கொரு கார்டு கொடுக்க வேண்டும். வாசலில் கார்டைத் தேய்த்தால் அந்த வேளைக்கான டோக்கன் கழிந்து சீட்டு அச்சாக வேண்டும். இணையத்தை நம்பக் கூடாது. இதற்கு எந்த மைக்ரோகன்ட்ரோலர் வாங்குவது, டோக்கன் இருப்பைக் கார்டிலேயே எழுதி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கன்ட்ரோலர் கேள்விக்குக் கடைசியில் நாலு வரி போதும். இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கரண்ட் போனாலும், பேப்பர் தீர்ந்தாலும், ஒருவர் பதற்றத்தில் மூன்று முறை தேய்த்தாலும் ஒரு டோக்கன் ஒரே ஒரு முறைதான் செல்லுபடியாக வேண்டும். கார்டைப் படிக்கும் நிரல் ஒரு நாள் வேலை. மற்ற உழைப்பெல்லாம் இந்த ஒரு நிபந்தனைக்காகத்தான்.

முதலில் கார்டு. 'தேய்ப்பது' என்றதும் காந்தப் பட்டைக் கார்டு நினைவுக்கு வரும். அதில் இரண்டாவது தடத்தைப் படித்தால் போதும். அங்குலத்துக்கு 75 பிட், ஓர் எழுத்துக்கு 4 தரவு பிட்டும் பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஒரு ஒற்றைப்படைப் பாரிட்டி பிட்டும், எல்லாக் குறிகளையும் சேர்த்து அதிகபட்சம் 40 எழுத்துகள். டிடிஎல் (5 வோல்ட் டிஜிட்டல் சிக்னல்) வெளியீடு கொண்ட ரீடரில் கார்டு உள்ளே இருக்கிறது, கிளாக், டேட்டா என்று மூன்று சிக்னல் கம்பிகள் வரும். கிளாக் இறங்கும் விளிம்பில் இன்டரப்ட் (மற்ற வேலையை நிறுத்திவிட்டு உடனே ஓடும் சிறு நிரல்) வைத்து டேட்டா பிட்டை எடுத்துச் சேமித்தால் ஆயிற்று. ஒரு பிட்டின் நீளம் 0.34 மில்லிமீட்டர், ஆகவே வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இழுத்தாலும் பிட்டுக்கு 0.34 மில்லிவினாடி கிடைக்கிறது. 8 பிட் கன்ட்ரோலருக்கே அது தாராளம். கார்டின் முழு அகலத்துக்கும் சுமார் 253 பிட்தான் வரும் என்பதால் 32 பைட் பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) போதும். பிட்டுகளைப் பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். தொடக்கக் குறி 11010, முடிவுக் குறி 11111, அதன் பின்னால் எல்லா எழுத்துகளையும் எக்ஸ்-ஆர் செய்து வந்த சரிபார்ப்பு எழுத்து. ஒவ்வோர் எழுத்திலும் மதிப்பு மிகக் குறைந்த பிட்தான் முதலில் வரும். பலர் தடுமாறும் இடம் அது. தொடக்கக் குறி கிடைக்கவில்லையென்றால் பஃபரைப் பின்னாலிருந்து ஒரு முறை தேடுங்கள், கார்டைத் தலைகீழ்த் திசையில் இழுத்திருப்பார்கள். இன்னொன்று: யாராவது ஒருவர் கட்டாயம் ஏடிஎம் கார்டைத் தேய்ப்பார். உங்கள் கார்டு எண்ணுக்கு 8 இலக்கம் என்று வைத்துக்கொண்டு, வேறு நீளத்தில் எது வந்தாலும் அதைப் பதிவேட்டில் ஏற்றாமல் பஃபரை உடனே அழித்துவிடுங்கள். வங்கிக் கார்டு எண்கள் உங்கள் மெமரியில் தங்குவது தேவையில்லாத வம்பு.

இத்தனையும் சொன்னாலும், மெஸ்ஸுக்குக் காந்தப் பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆவி, எண்ணெய், ஈரக் கை எல்லாம் சேர்ந்து ரீடரின் தலையில் படலம் கட்டும். 300 அர்ஸ்டெட் (பட்டையின் பதிவை அழிக்கத் தேவையான காந்தப்புல வலிமையின் அலகு) அளவிலான மலிவுப் பட்டை, பர்ஸின் காந்தப் பட்டனோடு கிடந்தே அழிந்துபோகக்கூடும். 2750 அல்லது 4000 அர்ஸ்டெட் பட்டை அதைத் தாங்கும்; ஆனால் எழுதும் கருவியின் விலை கூடும். காட்டினால் போதும் என்கிற ஆர்எஃப்ஐடி கார்டு இந்த இடத்துக்குப் பொருத்தம். அதிலும் இரண்டு வகை. 125 கிலோஹெர்ட்ஸ் கார்டில் ஓர் எண் மட்டும் இருக்கும், 9600 பாடில் (வினாடிக்கு 9600 பிட்) சீரியலாக வந்துவிடும், நிரல் மிக எளிது. ஆனால் கையடக்க நகலெடுப்பான் வைத்து டி5577 என்ற, திரும்ப எழுதக்கூடிய சிப் உள்ள கார்டில் அதே எண்ணை எவரும் ஏற்றிவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ் மைஃபேர் கிளாசிக் 1 கிலோபைட் கார்டும், அதற்கான ஆர்சி522 ரீடரும் எங்கும் கிடைக்கின்றன. அதன் குறியாக்கமான கிரிப்டோ-1 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. யூஐடியை (கார்டின் தனி அடையாள எண்) மாற்றி எழுதக்கூடிய கார்டுகளும் சந்தையில் உண்டு. ஆகவே 'மைஃபேர் போட்டிருக்கிறோம், பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, அது பாதுகாப்பில்லை என்று வைத்துக்கொண்டே வடிவமையுங்கள்.

இங்கேதான் இருப்பைக் கார்டில் எழுதலாமா என்ற கேள்விக்குப் பதில் வருகிறது: எழுதாதீர்கள். மைஃபேர் கிளாசிக்கில் கூட்டவும் கழிக்கவும் தனி மதிப்புப் பிளாக் வசதியே இருப்பதால் ஆசை வரும். ஆனால் 60 டோக்கன் இருக்கும்போது கார்டின் உள்ளடக்கத்தைக் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, எல்லாம் தீர்ந்ததும் திரும்ப எழுதினால் மறுபடி 60 வந்துவிடும். கடன் நோட்டைக் கடன் வாங்கியவர் கையிலேயே கொடுத்து அனுப்புவது போன்ற ஏற்பாடு அது. கணக்கு இயந்திரத்துக்குள் இருக்கட்டும். கார்டு அடையாளம் மட்டும் காட்டட்டும். அப்போது ஒருவர் கார்டை நகலெடுத்தாலும், அந்த நபரின் கணக்கில் அந்த வேளைக்குரிய ஒரு சாப்பாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. உரியவர் வந்து 'எனக்கு ஏன் ஏற்கெனவே வாங்கியதாகக் காட்டுகிறது' என்று கேட்கும்போது திருட்டு அன்றே தெரிந்துவிடும். கார்டு தொலைந்தால் பழைய யூஐடியை நீக்கிப் புதியதைச் சேர்த்தால் போதும், இருப்பு எங்கும் போகாது. இருப்பு பணமாகவே ஓடுகிறது, கான்டீனில் எதையும் வாங்கலாம் என்றால் கதை வேறு. அங்கே ஏஇஎஸ் 128 குறியாக்கம் கொண்ட டெஸ்ஃபயர் வகைக் கார்டுக்குப் போக வேண்டும், நிரலும் சாவிப் பராமரிப்பும் பல மடங்கு கூடும். மெஸ் டோக்கனுக்கு அது வேண்டியதில்லை.

நண்பனிடம் கார்டைக் கொடுத்தனுப்பிச் சாப்பிடச் சொல்வதை எந்தக் கார்டும் தடுக்காது. காட்டியவுடன் பதிவு எண் பெரிய எழுத்தில் திரையில் தெரிந்தால் பரிமாறுகிறவர் கண்டுகொள்ளலாம், அவ்வளவுதான்.

கணக்கை எப்படி வைப்பது? 'மீதி டோக்கன் 43' என்று ஓர் எண்ணை வைத்துக் கழித்துக்கொண்டே போவது இயல்பாகத் தோன்றும். அதைவிட நல்லது, ஒரு வேளைக்கு ஒரு பிட். மாதத்துக்கு அதிகபட்சம் 31 நாள், நாளுக்கு 3 வேளை, 93 பிட், அதாவது 12 பைட். எந்த வேளை வாங்கினாரோ அந்தப் பிட் 1 ஆகும். இருப்பு வேண்டுமானால் வாங்கிய டோக்கன் எண்ணிக்கையிலிருந்து 1 ஆன பிட்டுகளை எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள். இருப்புக்குத் தனியாக ஓர் எண் வைத்தால் அதுவும் பதிவேடும் என்றாவது ஒரு நாள் முரண்படும். பிட் முறையில் இன்னொரு வசதி: ஒருவர் பத்து முறை காட்டினாலும் அதே பிட்டை மறுபடி 1 ஆக்குவதுதான் நடக்கும், இரட்டைக் கழிவுக்கு வழியே இல்லை. ஒரு மாணவருக்கு யூஐடி 7 பைட், பதிவு எண் 2, நிலை 1, இவை மூன்றுக்குமான சிஆர்சி (பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) 2, மாதம் 1, பிட்டுகள் 12. மொத்தம் 25 பைட். 400 பேருக்கு 10,000 பைட். சிஆர்சியை யூஐடி, பதிவு எண், நிலை ஆகியவற்றோடு நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிட்டுகளையும் சேர்த்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இரண்டு இடங்களில் எழுத வேண்டும். நடுவில் கரண்ட் போனால் நல்ல பதிவே கெட்டுப்போனதாகத் தெரியும்.

மாதத்தை ஆளுக்கொரு பைட்டாக வைப்பதும் அப்படித்தான். ஒன்றாம் தேதி நள்ளிரவில் 400 பேரின் பிட்டுகளையும் மொத்தமாக அழிக்கும் நிரல் எழுதாதீர்கள். அந்த நேரத்தில் இயந்திரம் அணைந்திருக்கும், அல்லது 200-ஆவது ஆளில் நின்றுபோகும். ஒருவர் புதிய மாதத்தில் முதல் முறை கார்டு காட்டும்போது அவருடைய மாதப் பைட் பழையதாக இருந்தால், முதலில் பிட்டுகளை அழியுங்கள், பிறகு மாதத்தை மாற்றுங்கள். இடையில் மின்சாரம் போனாலும் அடுத்த முறை மறுபடி அழியும், கெடுதல் இல்லை. வரிசையை மாற்றி எழுதினால் போன மாதத்துப் பிட்டுகள் இந்த மாதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். இரண்டு கம்பியில் இணையும் சாதாரண ஐ2சி ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத மெமரி) ஒரு பக்கம் எழுத 5 மில்லிவினாடி வரை ஆகும், அந்த நேரத்தில் மின்சாரம் போனால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. எஃப்ராம் என்ற இன்னொரு வகை அழியா மெமரி, நாம் அனுப்பிய பைட்டை உடனே எழுதிவிடும், தேய்மானத்தைப் பற்றிக் கவலையே இல்லை. எம்பி85ஆர்சி256 போன்ற 32 கிலோபைட் சிப்பில் மேலே சொன்ன 10,000 பைட் போக 22,000 பைட்டுக்கு மேல் மிச்சம். பதிவேட்டில் ஒரு வரிக்கு 16 பைட் என்று வைத்தால் நாளுக்கு 1,200 வரி, 19,200 பைட். அதாவது எஃப்ராமில் ஒரு நாள் பதிவுதான் கொள்ளும். ஆகவே முடிந்த வரிகளை 4 மெகாபைட் எஸ்பிஐ ஃபிளாஷுக்கு நகர்த்துங்கள். அதன் 256 பைட் பக்கத்தில் சரியாக 16 வரி அடங்கும், மொத்தம் 2,62,144 வரி, சுமார் 218 நாள். ஃபிளாஷில் 4 கிலோபைட் துண்டை அழிக்கச் சில நூறு மில்லிவினாடி கூட ஆகலாம். அதை வரிசை நிற்கும்போது செய்யாமல் வேளைகளுக்கு இடையில் செய்துவிடுங்கள்.

இப்போது ஒரு டோக்கன் கழியும் வரிசை. கார்டைப் படி, பட்டியலில் தேடு, அந்த வேளையின் பிட் 0 தானா என்று பார், பிரின்டர் தயாரா, பேப்பர் இருக்கிறதா என்று கேள், பதிவேட்டில் 'தொடங்கியது' என்று ஒரு வரி எழுது, பிட்டை 1 ஆக்கு, சீட்டை அச்சிடு, அச்சு முடிந்ததை உறுதி செய், அதே வரியின் நிலைப் பைட்டை 'முடிந்தது' என்று மாற்று. பேப்பர் சோதனை பிட்டை மாற்றுவதற்கு முன்னால் வர வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான மாணவர் செயல்திட்டங்களில் கழித்துவிட்டு அச்சிடப் போவார்கள், பேப்பர் இருக்காது. காப்பாளர் கையால் ஒரு டோக்கனைத் திருப்பிக் கொடுப்பார், அந்தத் திருப்பிக் கொடுக்கும் பட்டனே முறைகேட்டின் வாசலாகிவிடும்.

கரண்ட் எந்தப் படியில் போனது என்பதைப் பொறுத்து மீள்வது மாறும். 'தொடங்கியது' வரி இருக்கிறது, பிட் இன்னும் 0 என்றால் அச்சு தொடங்கவே இல்லை என்பது உறுதி. வரியை 'ரத்து' ஆக்கிவிட்டு அடுத்த முறை புதிதாக ஆரம்பிக்கலாம். பிட் 1, ஆனால் வரி 'முடிந்தது' ஆகவில்லை என்றால் சீட்டு வந்ததா இல்லையா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எந்த நிரலாலும் இந்தச் சந்தேகத்தை முழுதாக நீக்க முடியாது. காகிதம் வெளியே வருவதும் மெமரியில் எழுதுவதும் இரண்டு செயல்கள், அவற்றை ஒன்றாக்க வழியில்லை. இடைவெளியைச் சுருக்கலாம், தவறு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முடிவு செய்யலாம், அவ்வளவே. மெஸ்ஸில் மாணவர் பக்கம் சாய்வதுதான் நியாயம்: அவர் அதே வேளையில் மறுபடி கார்டைக் காட்டினால், அதே டோக்கன் எண்ணில் 'மறுபிரதி' என்று போட்டு ஒரு சீட்டு கொடுங்கள். மின்சாரம் வந்தவுடன் தானாக அச்சிட வைக்காதீர்கள், அந்த நேரத்தில் வாசலில் நிற்பவர் வேறு யாரோவாக இருப்பார். பரிமாறும் இடத்தில் சேர்ந்த சீட்டுகளில் ஒரே எண் இரண்டு முறை வந்திருந்தால் இரவில் எண்ணும்போது தெரிந்துவிடும்.

மின்சாரம் போகும் அந்தக் கணத்தையே கொஞ்சம் நீட்டவும் முடியும். 5 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு ஷாட்கி டையோடு வழியாகக் கன்ட்ரோலர் பக்கத்துக்கு மட்டும் தனி 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கொடுங்கள். டையோடு இல்லையென்றால் அந்தச் சார்ஜையும் பிரின்டரே உறிஞ்சிவிடும். டையோடுக்குப் பின் 4.7 வோல்ட், கன்ட்ரோலர் பக்கம் 50 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்சிபி1700 போன்ற குறைந்த இழப்பு ரெகுலேட்டர் 3.6 வோல்ட் வரை 3.3-ஐத் தாங்கிப் பிடிக்கும். 22 மில்லிவினாடி கிடைக்கும். எல்லாப் போர்டிலும் வருகிற 1117 ரெகுலேட்டருக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு வேண்டும், அதனால் 4.4-லேயே கைவிட்டுவிடும், 6 மில்லிவினாடிதான். எஃப்ராமில் ஒரு 16 பைட் வரி எழுத 400 கிலோஹெர்ட்ஸில் அரை மில்லிவினாடி கூட ஆகாது என்பதால் இரண்டுமே கணக்குக்குப் போதும் என்றாலும், முதலாவது நிம்மதி தரும். மின்னழுத்தம் இறங்கினால் கன்ட்ரோலரை ரீசெட்டில் பிடித்து வைக்கும் பிரவுன்-அவுட் வசதியைக் கட்டாயம் இயக்குங்கள். அது இல்லாமல், குறைந்த மின்னழுத்தத்தில் தடுமாறும் கன்ட்ரோலர் மெமரியில் கண்ட இடத்தில் எழுதிவிடுவது உண்டு.

பிரின்டர் இந்தத் திட்டத்தின் முரட்டுப் பிள்ளை. 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரின்டர் அச்சிடும்போது 1.5 முதல் 2 ஆம்பியர் வரை வெட்டி இழுக்கும். மெல்லிய ஜம்பர் கம்பியில் அதே சப்ளையைக் கன்ட்ரோலருக்கும் கொடுத்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஆர்சி522 ரீசெட் ஆகும், அல்லது இன்னும் மோசமாக, ரீசெட் ஆகாமலே மயங்கி நிற்கும். சப்ளையிலிருந்து பிரின்டருக்குத் தனித் தடித்த கம்பி, கிரவுண்டும் தனியாகச் சப்ளை முனைக்கே போக வேண்டும், பிரின்டர் முனையில் ஒரு பெரிய கெபாசிட்டர். அச்சு முடிந்ததை உறுதி செய்ய, தரவை அனுப்பிவிட்டோம் என்பது சாட்சியாகாது. பிரின்டருக்குள் பஃபர் இருக்கிறது. இத்தகைய பிரின்டர்களுக்கான இஎஸ்சி/பிஓஎஸ் கட்டளைகளில் 16, 4, 4 என்ற மூன்று பைட் உடனே பேப்பர் நிலையைச் சொல்லும். 29, 114, 1 என்ற மூன்று பைட் அப்படியில்லை, வரிசையில் தனக்கு முன்னால் வந்தவை கையாளப்பட்ட பிறகே பதில் தரும். முதலாவதைத் தொடங்கும் முன்பும், இரண்டாவதைச் சீட்டின் கடைசியிலும் அனுப்புங்கள். மலிவுப் பிரின்டர்களில் சில இவற்றில் ஒன்றுக்கோ இரண்டுக்குமோ பதிலே தருவதில்லை. வாங்கும் முன் கணினியில் இணைத்து இந்தப் பைட்டுகளை அனுப்பிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சீட்டில் தமிழ் வேண்டும் என்றால் இத்தகைய பிரின்டர்களில் தமிழ் எழுத்துரு இருப்பதாக நம்பாதீர்கள், படமாகத்தான் அனுப்ப வேண்டும். ஒரு வரிசைக்கு 384 புள்ளி, 48 பைட். 24 புள்ளி உயர வரிக்கு 1,152 பைட். 9600 பாடில் அந்த ஒரு வரிக்கே 1.2 வினாடி போய்விடும், 1,15,200 பாடில் 0.1 வினாடி. 'காலை', 'மதியம்', 'இரவு' என்ற மூன்று படங்களை நிரலோடு சேமித்து, எண்களைப் பிரின்டரின் சொந்த எழுத்துருவில் விட்டால் போதும். இந்த வினாடிக் கணக்கு வீண் ஆராய்ச்சி இல்லை. மதியச் சாப்பாட்டில் முதல் கால் மணி நேரத்தில் 240 பேர் வந்தால் ஆளுக்கு 3.75 வினாடிதான். தேடல் ஒரு பொருட்டே இல்லை: யூஐடி வரிசையில் அடுக்கி வைத்து இருமத் தேடல் செய்தால் 400 பேரில் 9 ஒப்பீட்டில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது அச்சும், கார்டைச் சரியாகக் காட்டத் தெரியாத கையும்தான். சீட்டு 5 சென்டிமீட்டர் என்றால் நாளுக்கு 60 மீட்டர் பேப்பர் போகும், 15 மீட்டர் ரோல் என்றால் நாலு ரோல். பரிமாறும் இடம் கார்டு காட்டும் இடத்துக்கு எதிரிலேயே இருந்தால் சீட்டே வேண்டாம் என்பது என் கருத்து. பச்சை விளக்கு, பெரிய எண், ஒரு பீப் போதும். மேலே சொன்ன தலைவலியில் பாதி அதோடு தீரும்.

கடிகாரம் தவறினால் வேளை தவறும். டிஎஸ்3231 நல்ல கடிகாரச் சிப், அறை வெப்பத்தில் ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிசகும். ஆனால் அது வருகிற மலிவு மாட்யூல்களில் ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும்படி வைக்கப்பட்டிருக்கும். சார்ஜ் ஏறாத சிஆர்2032 பேட்டரியைப் போட்டால் அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி வீங்கும். சிப்பில் 'கடிகாரம் நின்றிருந்தது' என்று சொல்லும் ஒரு பிட் உண்டு. அது 1 என்றாலோ, தற்போதைய நேரம் பதிவேட்டின் கடைசி வரியைவிடப் பின்னால் இருந்தாலோ, அல்லது பல நாள் முன்னால் தாவியிருந்தாலோ, டோக்கன் கழிக்காமல் காப்பாளர் கார்டு காட்டி நேரத்தைச் சரிசெய்யும் வரை நிறுத்துங்கள். தவறான மாதத்தில் ஒருவர் கார்டு காட்டினால் அவருடைய பிட்டுகள் அழிந்துவிடும். பதிவேட்டைப் படித்துத் திரும்பக் கட்டலாம், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது. இரவுப் பணிக்காரர்கள் இருக்கும் ஆலைக் கான்டீனுக்கு இதே வடிவமைப்பைக் கொண்டுபோனால், நள்ளிரவைத் தாண்டும் வேளையைப் பணி தொடங்கிய தேதியில் சேருங்கள்.

ரீடர் விஷயத்தில் மூன்றே எச்சரிக்கை. ஆர்சி522 3.3 வோல்ட் சிப். 5 வோல்ட் கன்ட்ரோலரின் கம்பிகளை நேராகக் கொடுத்து 'வேலை செய்கிறதே' என்பவர்களுக்கு அது எத்தனை நாள் செய்யும் என்று உத்தரவாதம் தர முடியாது. மெஸ் கவுன்டர் பெரும்பாலும் எவர்சில்வர்த் தகடு. அதன் மேல் ஆன்டெனாவை ஒட்டினால் தகட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, படிக்கும் தூரம் ஏறக்குறைய இல்லாமல் போகும். தகட்டை வெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் வையுங்கள், அல்லது 2 சென்டிமீட்டர் இடைவெளியும் ஃபெரைட் தாளும் கொடுங்கள். மூன்றாவது, மின் இரைச்சலில் சிப் மயங்கி நிற்கும், கன்ட்ரோலர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) அதைக் கண்டுகொள்ளாது. இரண்டு வினாடிக்கு ஒரு முறை சிப்பின் பதிப்பு எண் இருக்கும் 55-ஆம் ரெஜிஸ்டரைப் படியுங்கள்; அசல் சிப்பில் 145 அல்லது 146 வரும். நகல் சிப்புகள் வேறு எண் தரும், முதல் முறை வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 0 அல்லது 255 வந்தால் ரீசெட் கொடுத்து மறுபடி தொடங்குங்கள்.

கவுன்டர் இரண்டானால் ஒரே கார்டை இரண்டு இடத்திலும் காட்டும் சிக்கல் வரும். எளிய வழி, ஒற்றைப்படைப் பதிவு எண் ஒரு கவுன்டர், இரட்டைப்படை இன்னொன்று, கம்பியே வேண்டாம். அது முடியாதென்றால் ஆர்எஸ்-485 (நீண்ட தூரச் சீரியல் கம்பி இணைப்பு), இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், ஒரு கவுன்டர் தலைமை. 38,400 பாடில் 20 பைட் செய்தி 5.2 மில்லிவினாடியில் போய்விடும். இங்கே தவறவிடக் கூடாத ஒன்று: துணைக் கவுன்டர் கேட்டு, தலைமை பிட்டை 1 ஆக்கி, பதில் வழியில் தொலைந்துவிட்டால், துணை மறுபடி கேட்கும். தலைமை 'ஏற்கெனவே வாங்கியாயிற்று' என்று சொன்னால் அந்த மாணவர் பட்டினி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் முன்பு சொன்ன பதிலையே சொல்லும்படி எழுதுங்கள். தலைமை 200 மில்லிவினாடிக்குள் பதிலே தரவில்லை என்றால் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் 'தனியாகக் கொடுத்தது' என்று பதிவு செய்து, இணைப்பு வந்ததும் ஒப்பிடுவதுதான் நடைமுறை. இழப்பு ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக்கு மேல் போகாது.

கன்ட்ரோலருக்கு வருகிறேன். அட்மெகா328-இல் 2 கிலோபைட் ரேமும் ஒரே ஒரு சீரியல் போர்ட்டும்தான். பிரின்டரையும் கணினி இணைப்பையும் சேர்த்துச் சமாளிப்பது எரிச்சல். எஸ்டிஎம்32 எஃப்103 போதுமானது: 20 கிலோபைட் ரேம், மூன்று சீரியல் போர்ட், 3.3 வோல்ட் என்பதால் ரீடர், எஃப்ராம் எல்லாம் நேராக இணையும். மலிவு நீலப் போர்டுகளில் நகல் சிப்புகள் அதிகம், நம்பகமான கடையில் வாங்குங்கள். ஈஎஸ்பி32-வும் ஆகும், ஆனால் அது தன் ஃபிளாஷில் எழுதும்போது ஃபிளாஷில் இருக்கும் இன்டரப்ட் நிரல்கள் தாமதமாகும், காந்தப் பட்டை ரீடர் வைத்திருந்தால் பிட்டுகள் தவறும். அந்த நிரலை ரேமில் வைக்க வேண்டும். வைஃபை தேவையில்லாத இடத்தில் எனக்கு முதல் தேர்வு எஸ்டிஎம்32.

காப்பாளர் கார்டுக்கு வேலை குறைவாக இருக்கட்டும்: ஆள் சேர்ப்பது, நீக்குவது, நேரம் வைப்பது, பதிவேட்டைக் கணினிக்கு எடுப்பது. பிட்டை 1-இலிருந்து 0 ஆக்கும் வசதியைக் கொடுக்காதீர்கள். விருந்தினர் டோக்கன், தவறிய சாப்பாடு எல்லாம் புதிய வரியாகப் பதிவேட்டில் ஏறட்டும், யார் கார்டில் கொடுத்தது என்பதோடு.

வாசலில் வைப்பதற்கு முன் மேஜையிலேயே கரண்டைப் பிடுங்கிப் பாருங்கள். கையால் பத்து முறை பிடுங்குவது போதாது. மெயின் சப்ளையில் ஒரு ரிலே போட்டு, வேறொரு சிறு போர்டை வைத்து, டோக்கன் தொடங்கி 0 முதல் 2,000 மில்லிவினாடிக்குள் சீரற்ற ஒரு கணத்தில் அணைக்கச் செய்யுங்கள். சோதனைக்கென்று கார்டு படிப்பதைப் போலியாகத் தூண்டிவிட்டால் இரவு முழுக்கத் தானே ஓடும். காலையில் 1 ஆன பிட்டுகள், 'முடிந்தது' வரிகள், வந்து விழுந்த சீட்டுகள் மூன்றையும் எண்ணுங்கள். 1 ஆன பிட் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்; வரி இல்லாத பிட் ஒன்று இருந்தாலும் எழுதும் வரிசையில் பிழை. சீட்டு வந்தும் வரி 'தொடங்கியது' என்றே நிற்பது சில இருக்கும். அவை மறுபிரதிக்குப் போகும், அது எதிர்பார்த்ததுதான். 'முடிந்தது' என்றிருந்தும் சீட்டு இல்லையென்றால் பிரின்டர் தரும் உறுதி பொய், அந்தப் பிரின்டரை மாற்றுங்கள்.